குதிக்கால் நிலத்தில் படாத பிள்ளைக்கு எது முதலில்: அணையா, பிளாஸ்ரரா, ஊசியா, சத்திரசிகிச்சையா?

பெருமூளை வாதம் உள்ள பிள்ளை நுனிக்காலில் நடக்கத் தொடங்கியதும் வீட்டில் ஆளுக்கொரு யோசனை வரும். எண்ணெய் போட்டு உருவச் சொல்வார் அம்மம்மா. கொழும்பில் ஏதோ ஊசி போடுகிறார்களாம் என்பார் பக்கத்து வீட்டுக்காரர். பின்னால் நரம்பை வெட்டிவிட்டால் ஒரே நாளில் சரி என்பார் இன்னொருவர். (அது நரம்பு அல்ல, கெண்டைத் தசையைக் குதியெலும்போடு இணைக்கும் குதிநாண். இந்தப் பெயர்க் குழப்பமே பல பெற்றோரை வீணாகப் பயமுறுத்துகிறது.) கிளினிக்கில் காலில் மாட்டும் பிளாஸ்ரிக் அணை எழுதிக் கொடுப்பார்கள். இவற்றில் எதுவும் புளுகு இல்லை, எல்லாம் நடைமுறையில் உள்ளவைதான். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு கோளாறுக்கானது. எது உங்கள் பிள்ளைக்கு என்பதை மேசையில் படுக்க வைத்து எடுக்கும் மூன்று அளவுகள் பெரும்பாலும் சொல்லிவிடும். அந்த அளவுகள் கிளினிக் கொப்பியில் இல்லாமல் எதற்கும் சம்மதிக்க வேண்டாம்.

அந்த மூன்று அளவுகள்

பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை நேராக நீட்டி, ஒரு கையால் குதிக்காலைப் பிடித்து மறு கையால் பாதத்தை மெதுவாக மேல்நோக்கி மடிக்க வேண்டும். மடிக்கும்போது பாதத்தின் முன்பகுதியைச் சற்று உள்பக்கம் திருப்பிப் பிடிப்பது முக்கியம். அப்படிப் பிடிக்காவிட்டால் கணுக்கால் மடியாமல் பாதத்தின் நடுப்பகுதி வளைந்து கொடுக்கும். பார்ப்பவருக்குக் கணுக்கால் நன்றாக மடிவதுபோல் தோன்றும். பாதமும் கீழ்க்காலும் செங்கோணத்தில் நிற்பது 0 பாகை. அதற்கு மேல் மடிந்தால் கூட்டல், அதுவரை வராவிட்டால் கழித்தல். சாதாரணமாக நடக்க முழங்கால் நேராக இருக்கும்போது ஏறத்தாழ 10 பாகை கூட்டல் தேவை.

இரண்டாவது, முழங்காலை 90 பாகைக்கு மடித்துக்கொண்டு அதே அளவு. கெண்டையின் வெளித் தசை முழங்காலுக்கு மேலே தொடங்குகிறது. முழங்காலை மடித்ததும் அது தளரும். முழங்கால் மடிந்தபோது பாதம் தாராளமாக மேலே வந்து, நீட்டியபோது வராவிட்டால் சிக்கல் அந்த வெளித் தசையில் மட்டும். இரண்டு நிலையிலும் வராவிட்டால் உள்தசையும் குதிநாணும் சேர்ந்து குறுகியிருக்கின்றன.

மூன்றாவது, அதே மடிப்பை வேகமாகச் செய்வது. ஓர் இடத்தில் டக்கென்று பிடிக்கும். மெதுவாக மடித்தபோது கிடைத்த கோணத்துக்கும் வேகமாக மடித்தபோது பிடித்த கோணத்துக்கும் உள்ள இடைவெளிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மெதுவாக +5, வேகமாக −20 என்றால் தசையின் நீளம் இருக்கிறது. மூளை அனுப்பும் தவறான கட்டளையால் அது இறுகிப் பிடிக்கிறது. மெதுவாக −10, வேகமாக −15 என்றால் தசையே குறுகிவிட்டது. முதலாவதுக்கு ஊசி வேலை செய்யும். இரண்டாவதுக்கு ஊசியை மட்டும் போட்டால் பஸ் காசும் போகும், பிள்ளையின் நம்பிக்கையும் போகும்.

இதோடு நடமாட்டத் தரம் 1 முதல் 5 வரை எது என்றும் கேட்டு எழுதிவையுங்கள். தரம் 1, 2 தானாக நடக்கும் பிள்ளை. 3 வோக்கர் அல்லது ஊன்றுகோலோடு நடக்கும். 4, 5 பெரும்பாலும் சக்கர நாற்காலி. தரம் மாறினால் சிகிச்சையின் நோக்கமே மாறிவிடும்.

உருவுதலும் இழுத்துப் பிடித்தலும்

கையால் இழுத்துவிடும் பயிற்சி மட்டும் நீடித்த பலன் தருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. நாளுக்குப் பத்து நிமிடம் இழுக்கும் கை, மீதிப் பொழுதெல்லாம் இறுகி நிற்கும் தசையோடு போட்டி போட முடியாது. நல்லெண்ணெய் தடவி மெல்ல உருவுவதில் கெடுதல் இல்லை; பிள்ளைக்கு இதம், நித்திரையும் வரும். ஆனால் பாதத்தின் முன்பகுதியைப் பிடித்து வலுவாக நெம்பும் கைவைத்தியம் வேண்டாம். குதிநாண் நீளாது, பாதத்தின் நடு வளைவுதான் உடையும். நிற்கும் சட்டத்தில் அணையோடு அரை மணித்தியாலம் நிற்பதும், சாய்வில் ஏறி நடப்பதும், குந்தி எழும்புவதும் இழுப்பதைவிட மேல். உப்புவெளிக் கரையில் நடக்க விடுவதானால் அலை நனைத்து இறுகிய மணலில் விடுங்கள். காய்ந்த மணலில் கால் புதைந்து பிள்ளை இன்னும் நுனிக்காலுக்குப் போகும்.

பிளாஸ்ரிக் அணை

ஏ.எப்.ஓ. என்று கொப்பியில் எழுதப்படுவது இதுதான். முழங்காலுக்குக் கீழிருந்து விரல் நுனிவரை பிள்ளையின் காலுக்கு அச்செடுத்து, சூடாக்கி இளக்கிய பொலிபுறொப்பிலீன் தகட்டை அந்த அச்சின் மேல் படியவைத்துச் செய்வது. திருமலை ரவுனில் இருப்பவருக்கு மூன்று பயணம் பெரிதல்ல. குச்சவெளி, சம்பூர்ப் பக்கத்திலிருந்து வருபவருக்கு ஒவ்வொன்றும் ஒரு நாள் கூலி. அச்செடுக்க ஒன்று, போட்டுப் பார்க்க ஒன்று, இரண்டு வாரத்தில் திருத்த ஒன்று. மூன்றாவதைத் தவிர்ப்பவர்களின் அணைதான் அலுமாரிக்கு மேலே கிடக்கிறது.

வகையைத் தெரிவதில்தான் அதிகம் பிழை விடுகிறார்கள். அசையாத அணை கணுக்காலை ஒரே கோணத்தில் பிடிக்கும். கீல் வைத்தது பாதம் கீழே தொங்குவதைத் தடுத்து, மேலே மடிய விடும்; படியேற, குந்த வசதி. பெற்றோர் பலர் கீல் உள்ளதையே விரும்புகிறார்கள், பார்க்க நவீனமாக இருக்கிறது. ஆனால் முழங்கால் நேராக இருக்கும்போது குறைந்தது 5 பாகையாவது மேலே மடியாத காலுக்குக் கீல் போட்டால், மடிவது கணுக்கால் அல்ல, பாதத்தின் நடுப்பகுதி. ஒரு வருடத்தில் உள்ளங்கால் தட்டையாகி, உள்பக்க எலும்பு புடைத்து நிற்கும். முழங்காலை மடித்துக் கூனி நடக்கும் பிள்ளைக்கும் கீல் கூடாது, அது இன்னும் கூனவைக்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு முன்பக்கமாக முழங்காலுக்குக் கீழே தாங்கும் அணை உண்டு. முழங்கால் முழுதாக, அல்லது 10 பாகைக் குறைவோடாவது, நிமிர முடிந்தால்தான் அது வேலை செய்யும்.

இன்னொரு பிழை, −10 பாகையில் நிற்கும் காலுக்கு 0 பாகையில் அணை செய்வது. பாதம் அந்தக் கோணத்துக்கு வராது. குதி அணைக்குள்ளேயே மேலே எழும்பி நிற்கும், பின்னால் புண் வரும், பிள்ளை அழும். கால் வரும் கோணத்திலேயே அணையைச் செய்து, சப்பாத்தின் குதிக்கு அடியில் ஆப்பு வைத்து உயர்த்தினால் குதிக்குத் தாங்கல் கிடைக்கும், கீழ்க்காலும் சற்று முன்சாய்ந்து நிற்கும். நடை உடனே மாறுவதைக் கண்ணால் காணலாம். ‘அணையை 90இல்தான் செய்ய வேண்டும்’ என்று யாராவது அடித்துச் சொன்னால் மெதுவாக மடித்த அளவைக் காட்டிக் கேளுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: மேல் விளிம்பு, முழங்காலின் வெளிப்பக்கத்தில் கையில் தட்டுப்படும் எலும்பு முடிச்சுக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும். அங்கே ஓடும் நரம்பை விளிம்பு அமத்தினால் பாதம் மரத்துப் போகும். குதிப் பகுதியில் சிறிய துளை ஒன்று போடச் சொல்லுங்கள். குதி அடியில் இருக்கிறதா என்று அதன் வழியே பார்த்துவிடலாம்.

போடும் முறைக்கும் ஒழுங்கு உண்டு. பிள்ளையை இருத்தி, முழங்காலை மடித்து, தையல் மடிப்பு இல்லாத நீளப் பருத்தி மேஸ் போட்டு, குதியை அணையின் அடியில் அமத்தி, முதலில் கணுக்கால் பட்டியை இறுக்குங்கள். கெண்டைப் பட்டி பிறகு. மேலிருந்து இறுக்கத் தொடங்கினால் குதி எழும்பிவிடும். முதல் நாள் ஒரு மணித்தியாலம் போட்டு, கழற்றித் தோலைப் பாருங்கள். மெல்லிய சிவப்பு 20 முதல் 30 நிமிடத்தில் மறைந்தால் நாளைக்கு இன்னொரு மணித்தியாலம் கூட்டலாம். எலும்பு முட்டும் இடத்தில் கடும் சிவப்பு நின்றால் நிறுத்திவிட்டுத் திருத்தக் கொண்டுபோங்கள். பஞ்சு திணித்துச் சமாளித்தால் இடம் இன்னும் இறுகிப் புண் ஆழமாகும்.

சப்பாத்து ஓர் அளவு பெரிதாக, விரல்வரை திறந்து கட்டும் வகையாக இருக்கட்டும். உள்தகட்டை எடுத்துவிட்டு அணையை நுழைக்கவும். ஒரு பக்கக் காலுக்கு மட்டும் அணை என்றால் மற்றச் சப்பாத்தின் உள்தகட்டை எடுக்காமல் விட்டுவிடுங்கள். இடுப்பு சமமாக நிற்கும். வெறும் அணையோடு மாபிள் நிலத்தில் நடக்க விட்டால் வழுக்கும். கோணேசர் கோயில் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது அணையையும் கழற்றிவிடுங்கள், அரை மணித்தியாலம் வெறுங்காலோடு நடப்பதால் எதுவும் கெட்டுவிடாது. கடற்கரை மணலும் அணையும் சேராது. ஒரு பிடி மணல் உள்ளே போனால் தோல் உரியும், கீலும் தேயும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பள்ளிக்கூட இடைவேளையில் மேஸ் மாற்ற இரண்டாவது சோடி கொடுத்து அனுப்புங்கள். வெயிலில் நிறுத்திய வானுக்குள் அணையை விட்டுவிட வேண்டாம், வடிவம் மாறக்கூடும். வளரும் பிள்ளைக்கு ஏறத்தாழ வருடத்துக்கு ஒன்று தேவைப்படும். விரல்கள் அணையின் பாதத் தகட்டைத் தாண்டினால் அதற்கு முன்னரே.

அணை தசையை நீட்டாது. இருக்கும் நீளத்தைப் பயன்படுத்தி நடக்க வைக்கும், மேலும் குறுகும் வேகத்தைக் குறைக்க உதவலாம். இரவு முழுவதும் போட்டால் நீளும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் பலவீனம். பிள்ளை நித்திரை கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள்.

தொடர் பிளாஸ்ரர்

குறுகல் சிறிதாக, அதாவது 0 முதல் −15 பாகைக்குள் இருக்கும் சிறு பிள்ளைக்கு எங்கள் முதல் தெரிவு இதுதான். மலிவானது, மயக்க மருந்து வேண்டாம், பழகிய பிசியோ அல்லது எலும்பியல் பிரிவினர் செய்யலாம். முழங்காலை மடித்து, குதியை நேராக்கி, கிடைக்கும் கடைசிக் கோணத்துக்குச் சற்று முன்பாகவே நிறுத்தி முழங்காலுக்குக் கீழே பிளாஸ்ரர் போடுவார்கள். வாரத்துக்கு ஒருமுறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, புதிய கோணத்தில் மாற்றுவார்கள். மொத்தம் 3 முதல் 6 வாரம். 5 முதல் 10 பாகை கிடைத்தால் நல்ல பலன். இரண்டு மாற்றத்தில் எதுவும் கூடாவிட்டால் நிறுத்த வேண்டும்.

கெடுவது பெரும்பாலும் அவசரத்தால். ஒரே தடவையில் 10 பாகை எடுக்கப் பார்த்தால் குதியில் புண் வரும் அல்லது நடுப்பாதம் உடையும். வீட்டுக்குப் போன பிறகு முதல் நாள் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை விரல் நகத்தை அமத்திப் பாருங்கள். வெளிறி, இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். விரல் நீலமாகி, குளிர்ந்து, வீங்கினால், அல்லது பிள்ளை ஓயாமல் அழுதால், நாற்றம் வந்தால், காலை வரை காத்திராமல் மூதூரோ கிண்ணியாவோ, கிட்டிய தள வைத்தியசாலைக்குப் போய்க் கழற்றச் சொல்லுங்கள். வெள்ளைச் சாதாரண பிளாஸ்ரரை இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்தும் பிரிக்கலாம், நேரம் எடுக்கும். கண்ணாடி நாரால் ஆன நிற பைபர் வகை ஊறாது. எது போட்டார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்வது அதற்காகத்தான். சாதாரண பிளாஸ்ரரில் முதல் 48 மணித்தியாலம் பாரம் ஏற்றக் கூடாது.

காலநிலை பார்த்துத் திட்டமிடுங்கள். மார்கழி மழையில் பிளாஸ்ரர் நனையும், ஆனி ஆடி வெக்கையில் உள்ளே அரிப்பெடுத்துப் பிள்ளை பென்சிலை நுழைக்கும். திருமலைக்கு மாசி, பங்குனி தோதான காலம்.

கழற்றியதும் தசை மெலிந்து பலவீனமாக இருக்கும். புதிய கோணத்தில் அணை அதே வாரம் தயாராக இல்லாவிட்டால் பெற்ற பாகைகள் சில மாதத்தில் திரும்பிப் போய்விடும். ஆகவே கடைசிப் பிளாஸ்ரர் போடும் முன்பே அணைக்கான நாளை எடுத்துவையுங்கள்.

பொட்டுலினம் ஊசி

தசைக்கு வரும் இறுக்கக் கட்டளையை இது தற்காலிகமாக மறிக்கும். சில நாளில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்தில் உச்சம், 3 முதல் 4 மாதத்தில் முடியும். மெதுவான அளவுக்கும் வேகமான அளவுக்கும் பெரிய இடைவெளி உள்ள, நடக்கக்கூடிய பிள்ளைக்கு நல்ல தெரிவு. அந்த மாதங்களில் பயிற்சியும் அணையும் நடக்காவிட்டால் வெறும் செலவு.

திருமலையிலிருந்து ஊசிக்காக வெளியூர் போகிறவர்கள் ஊசி போடும் நாளை மட்டும் எண்ணுகிறார்கள். பரிசோதனைக்கு ஒருமுறை, ஊசிக்கு ஒருமுறை, ஒரு மாதத்தில் அளவு பார்க்க ஒருமுறை. குறுகலும் இருந்தால் ஊசிக்கு 2 முதல் 4 வாரம் கழித்துப் பிளாஸ்ரர். இதில் பரிசோதனைக்கும் ஊசிக்கும் மட்டும் வெளியூர் போய், மிச்சத்தைத் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் பிசியோ பிரிவில் தொடர முடியுமா என்று இரு பக்கமும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். குழந்தைநல வைத்தியரின் கடிதம் இல்லாமல் பொரளைச் சிறுவர் வைத்தியசாலைக்கு இரவு ரயிலில் நேரே போய் நிற்க வேண்டாம்.

எந்த மருந்துப் பெயர், எத்தனை யுனிட், எந்தத் தசை என்று கொப்பியில் பதியச் சொல்லுங்கள். ஒரு கம்பனியின் யுனிட் மற்றக் கம்பனியின் யுனிட்டுக்குச் சமன் அல்ல. அடுத்த முறை வேறு மருந்து வந்தால் இந்தப் பதிவுதான் பிழையைத் தடுக்கும். குறைந்தது 12 வார இடைவெளி கட்டாயம். திரும்பத் திரும்பப் போட்டால் தசை மெலியும் என்ற கவலையால் பலர் அதைவிட நீண்ட இடைவெளி விடுகிறார்கள். விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு ஆபத்துக் கூட. ஊசிக்குப் பின் வரும் வாரங்களில் உமிழ்நீர் வழிவது கூடினாலோ, குரல் மங்கினாலோ, மூச்சு முட்டினாலோ உடனே அவசரப் பிரிவு.

சத்திரசிகிச்சை

பிளாஸ்ரருக்கு மசியாத நிலையான குறுகலுக்கு இதுதான் வழி, அதில் தயங்க ஒன்றுமில்லை. தயங்க வேண்டியது காலத்தில். 6 வயதுக்கு முன் நீட்டினால் எலும்பு வளர வளர மறுபடி குறுகும் வாய்ப்பு அதிகம். இரண்டு காலும் பாதிக்கப்பட்ட பிள்ளைக்குக் குதிநாணையே சிறு துளை வழியாக வெட்டி நீட்டுவது பார்க்க எளிது, தழும்பும் தெரியாது. ஆனால் அளவு மீறி நீண்டால் கெண்டை தன் பலத்தை இழந்து, சில வருடத்தில் பிள்ளை முழங்காலை மடித்துக் கூனி நடக்கத் தொடங்கும். நுனிக்கால் நடைக்குப் பிளாஸ்ரர், ஊசி, அணை என்று பல கதவு உண்டு. கூனல் நடையைத் திருப்புவது மிகக் கடினம். அதனால் அத்தகைய பிள்ளைக்குக் கெண்டையின் வெளித் தசை உறையை மட்டும் நீட்டும் முறை பாதுகாப்பானது. முழங்கால் நேர், முழங்கால் மடிப்பு என்று எடுத்த முதல் இரண்டு அளவும் இங்கேதான் கைகொடுக்கும். இடுப்பு, முழங்கால், பாதம் மூன்றிலும் கோளாறு இருந்தால் வருடத்துக்கொன்றாக வெட்டாமல் ஒரே மயக்கத்தில் எல்லாம் செய்வது இன்றைய வழக்கம். பிறகு 4 முதல் 6 வாரம் பிளாஸ்ரர், தொடர்ந்து அணை, நடை பழைய பலத்துக்கு வர மாதக்கணக்கு.

தரம் 4, 5 பிள்ளைகளுக்கு இந்த ஒப்பீடு வேறு. அங்கே கேள்வி, சப்பாத்து ஏறுகிறதா, பாதம் நாற்காலிப் பலகையில் தட்டையாக இருக்கிறதா, நிற்கும் சட்டத்தில் வலியில்லாமல் நிற்கிறதா என்பதுதான். அதற்கு அசையாத அணை பெரும்பாலும் போதும். காலைப் பற்றியே கவலைப்படும் வீடுகளில் இடுப்பு மறந்துபோகிறது. தரம் 3 முதல் 5 வரையான பிள்ளைக்கு 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை இடுப்பு எக்ஸ்றே வேண்டும்.

ஒரு கணக்கு

கிண்ணியாவில் ஐந்து வயதுப் பிள்ளை, வலப்பக்கம் மட்டும் பாதிப்பு, தரம் 1 என்று வைத்துக்கொள்வோம். முழங்கால் நேராக மெதுவாக −8, வேகமாக −20, முழங்கால் மடித்து +5. குறுகலும் உண்டு, இறுக்கமும் உண்டு, சிக்கல் வெளித் தசையில். சத்திரசிகிச்சைக்கு வயது போதாது, தேவையும் இல்லை. கீல் அணை இப்போது போட்டால் நடுப்பாதம் உடையும். ஊசி மட்டும் போட்டால் −8 அப்படியே நிற்கும். மாசியில் மூன்று வாரப் பிளாஸ்ரர், மூன்றாவது கழற்றும் அன்றே அணைக்கு அச்சு, அணை வரும்வரை கடைசிப் பிளாஸ்ரரை இரண்டாகப் பிளந்து பட்டி கட்டி இரவு பகல் அணிவது. 0 அல்லது +2 கிடைத்தால் அசையாத அணை, ஆப்பு வைத்த சப்பாத்து. ஆறு மாதத்தில் அதே பிசியோ, அதே மேசையில் அளவு எடுக்கட்டும். மெதுவான அளவு குறையாமல் நின்று வேகமானது மட்டும் −20இல் பிடித்தால் அப்போது ஊசிக்குக் கடிதம் கேளுங்கள். மெதுவானது +5ஐத் தாண்டியிருந்தால் அடுத்த அணையில் கீல் வைக்கலாம்.